மருமகளின் முதுகுக்குப் பின்னால்

என் சைக்கிள் கதையைக் கேட்காவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? சரி, கேளுங்கள்.

பீங்கான் கம்பெனியில் வேலை செய்யும் என் மருமகள், ஞாயிறுதோறும் தோழிகளோடு மங்கலம்பேட்டை வரை சைக்கிளில் போவாள். ஒரு வாரம் நானும் அடம்பிடித்துக் கிளம்பினேன். பாதி வழியில் எதிர்க்காற்று அடித்தது. எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். இனிமேல் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்தேன்.

மருமகள் மட்டும் திரும்பி வந்தாள்.

"முடியலையா அத்தை?"

"வேடிக்கை பாத்துக்கிட்டு வரேன்டி."

"பாத்தது போதும். என் பின்சக்கரத்துகிட்டயே வாங்க. காத்து எம்மேல படட்டும்."

அவள் பின்னால் போனதும் மிதிப்பது லேசானது. அவள் முதுகோ வியர்வையில் நனைந்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமே தோன்றவில்லை, எனக்கே ஆச்சரியம்.

ஏன் மருமகளுக்குப் பின்னாலேயே வந்தீர்கள் என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோது, "அவளுக்கு வழி தெரியாதுங்க. முன்னால வுட்டுட்டு, பின்னாலேயே பாத்துக்கிட்டு வந்தேன்" என்றேன்.