பழியைப் புகைமேல் போட்டோம்

எண்ணூர்ப் பக்கம் இளைப்பு என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அனல்மின் நிலையத்துப் புகை, சாம்பல், வேறென்ன என்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் அதுதான் என்று நினைத்தோம். விசைப்படகில் வலைக்கயிறு காலில் சுற்றி இழுத்து, கால் முறிந்து, இரண்டு மாதம் படுத்துக் கிடந்தவர் அவர். எழுந்த பிறகு நாலு படி ஏறினாலே நின்றுவிடுவார். தெருமுனை டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். நான் என் பங்குக்கு, "வேலைக்குப் போவ வலிக்குது, அதான் மூச்சு வாங்குது" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இரண்டு வருடம்.

உதடு நீலம் பாய்ந்து மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய், ரத்தக் குழாயின் சுவரோடு ஒட்டி இறுகிவிட்டதாம். மாத்திரைக்குக் கரையாது. நெஞ்சைத் திறந்து உரித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு உடம்பை நன்றாகக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். பிழைக்காமல் போனவர்களும் உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

இவர் கேட்டது ஒன்றுதான். "சார், சின்ன வயசுலேர்ந்து மீன ஐஸ்ல வெச்சிகினு கீறேன். ஒண்ணாச்சும் எழுந்து நீந்திகீதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "மீன் செத்தப்புறம் ஐஸ்ல வைக்கிறீங்க. உங்க மூளை சாகாம இருக்கத்தான் நாங்க குளிர வைக்கிறோம்" என்றார்.

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வாரம் நான் எதுவுமே பேசவில்லை. போ என்று சொல்லி அனுப்பி, அவர் திரும்பாவிட்டால்? போகாதே என்று எந்த வாயால் சொல்வது? எட்டாம் நாள் காலையில், "கெளம்புமே, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று அவரே சட்டையை மாட்டினார். மனசு மாறிவிடப் போகிறதே என்று காரணம் கேட்கவில்லை.

ஆபரேஷன் காலையில் தொடங்கி மாலை வரை நடந்தது. முடிந்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எடுத்ததைத் தட்டில் காட்டினார். கோழிக்குடல் மாதிரி வெளுத்து, கிளை கிளையாக நீண்டு கிடந்தது. இதையா சோம்பேறித்தனம் என்றேன்?

மூச்சுக்காக வாயில் செருகியிருந்த குழாயை எடுத்த மறுநாள் என்னை உள்ளே விட்டார்கள். "யோவ், தெரியாம பேசிட்டேன்யா, மன்னிச்சுக்க" என்றேன்.

"அத்த வுடு. நான் ஏன் ஒத்துக்கினேன் தெரியுமா?" குரல் கரகரத்தது. "ஒரு வாரம் நீ திட்டவே இல்ல. நான் போய்ச் சேந்துட்டதாவே நெனச்சிட்டியோன்னு பயமா பூடுச்சு."