ஜாய்ஸ் கற்றுக்கொண்ட குரல்

அருப்புக்கோட்டை நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த யேசுதாசனின் மூத்த மகள் ஜாய்ஸ். 1988இல் மைசூரில் இளங்கலை முடித்த கையோடு எம்.எஸ்ஸி.க்கும் அங்கேயே இடம் வாங்கிவிட்டாள். பேச்சு, கேட்டல் குறைபாடுகளைச் சரிசெய்யும் படிப்பு. “பேசுறதுக்கு ஒரு படிப்பா? அதுல மேல்படிப்பு வேறயா?” என்று கோயில் வாசலில் கேட்டவர்களுக்கு அம்மா தெரசாள் பதில் சொல்லியே களைத்துப்போனாள். ஜாய்ஸ் களைக்கவில்லை. “திக்குறவுகளுக்கு, வாதம் வந்து பேச்சு போனவுகளுக்கெல்லாம் வழி இருக்கு. செய்யத்தான் நம்ம பக்கம் ஆள் இல்ல. நான் படிச்சிட்டு வாரேன்” என்பாள்.

முதல் ஆண்டிலேயே அவளைத் திணறவைத்தது ஒரு பாடம். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டால், மூச்சு கழுத்தில் இட்ட துளை வழியாகத்தான் போய்வரும். வாய் அசையும், சத்தம் வராது. அப்படிப்பட்டவர்கள் காற்றை உணவுக்குழாய்க்குள் அழுத்தி, ஏப்பம்போல மேலே கொண்டுவந்து, அதையே சொல்லாக்கப் பழக வேண்டும். “உனக்கு வராத குரலை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பாய்?” என்றார் பேராசிரியை. விடுதிக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஜாய்ஸ் பழகினாள். நெஞ்சு எரிந்தது, வயிறு உப்பியது, அறைத்தோழிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில், உதட்டை மூடித் திறந்ததும் “பா” என்று கரகரத்து வந்தது. தட்டோடு எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னாள்.

அந்தக் கோடை விடுமுறையில், அம்மாவோடு திருச்சுழிக்குக் குழம்புப் பொடிக்கு மல்லி வாங்கப் போனாள். ஐயாத்துரை கடையில்தான் தெரசாள் எப்போதும் வாங்குவது. தெருமுனை வரை கேட்கும் அவர் குரல் அன்று கேட்கவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதுரையில் ஆப்பரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்து மனைவி சரஸ்வதிதான் விலை சொன்னாள்.

ஜாய்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் எதிரே போய் நின்று, பழகிய அந்தக் குரலில், “பாருங்க அண்ணாச்சி, பேசலாம்” என்றாள்.

ஐயாத்துரை முகம் சிவந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார். “எங்க வீட்டு ஆளு படுற பாடு ஒனக்குக் கேலியாப் போச்சா?” என்று சரஸ்வதி கொதித்தாள். தெரசாள் மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஜாய்ஸ் தனியாகத் திருச்சுழிக்குத் திரும்பி வந்தாள். “நேத்து நான் முதல்ல விவரம் சொல்லியிருக்கணும் அக்கா, தப்புதான். ஆனா அது கேலி இல்ல. அண்ணாச்சி பழக வேண்டிய குரலே அதுதான்.” எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஐயாத்துரை, கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டார்.

மதுரை டாக்டர் புண் நன்றாக ஆறிவிட்டது என்றார். பேராசிரியையும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசிய ஜாய்ஸிடம், “தொடங்கு, வாராவாரம் எனக்குச் சொல்” என்றார். கடை திறக்குமுன் பயிற்சி. ப, த, க என்று தொடங்கும் சொற்களில்தான் காற்று சுலபமாக உள்ளே போகும். மைசூரில் கன்னடச் சொற்களை வைத்துச் செய்ததை இங்கே கடைச் சொற்களில் செய்தாள். பருத்தி, பட்டாணி, தட்டு, கட்டு. பத்து நாள் ஒன்றும் வரவில்லை. ஐயாத்துரை தராசுத் தட்டைத் தள்ளிவிட்டு, வேண்டாம் என்று கையை விரித்தார். “எனக்கும் இப்படித்தான் அண்ணாச்சி இருந்துச்சு. வரும்” என்று ஜாய்ஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறு வாரம் “கட்டு” வந்தது. அடுப்படியிலிருந்த சரஸ்வதி கரண்டியோடு ஓடிவந்தாள்.

விடுமுறை முடிந்ததும் சரஸ்வதியே பயிற்சியைத் தொடர்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்த ஜாய்ஸிடம், “எப்ப வந்தே தாயி?” என்று முழுசாகக் கேட்டார் ஐயாத்துரை. மல்லி மட்டும் ‘பல்லி’ என்றே வந்தது. வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், அவரும் சத்தமில்லாமல் சிரித்தார்.

1990இல் முதுகலையில் தேறிய ஜாய்ஸுக்கு மைசூரிலேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். அதை விட்டுவிட்டு மதுரை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் அருப்புக்கோட்டையில் ஒரு அறை. திக்குகிற பிள்ளைகள், காது கேளாத குழந்தைகளோடு தாய்மார்கள், வாதம் வந்த பெரியவர்கள் என்று கூட்டம் வாசலுக்கு வந்துவிடும். மூன்றாம் வருடம், வீரசோழனிலிருந்து ஒரு துணி வியாபாரி கழுத்தை மூடிக்கொண்டு வந்தார். ஜாய்ஸ் பேசிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. திருச்சுழிக்குப் போன் போட்டாள்.

மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஐயாத்துரை, துணி வியாபாரியின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை விலக்கித் தன் கழுத்தைக் காட்டினார். “கடைய மூடிட்டு வந்திருக்கேன். சட்டுனு கத்துக்கிடுங்க” என்றார்.