மந்தைவெளியில் ஒரு சிவப்புப் புள்ளி

மரியதாஸ் சார் வீட்டு பால்கனியில் தொங்கும் வெள்ளை டப்பா தெருப் புகையையெல்லாம் உறிஞ்சி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, அதற்குப் பதிலாகத்தான் அவர் மகளுக்கு கிரீன் கார்டு கொடுத்தார்கள் என்று மந்தைவெளியில் ஒரு பேச்சு இருந்தது. பூக்கார வேம்பு அதை யாரிடமோ கேட்டு வந்து கீழ்வீட்டு ஹம்சா மாமியிடம் சொன்னாள். மாமி அதைச் சூடு ஆறாமல் மாடிக்குக் கொண்டுவந்தார்.

"'இன்னாமா, உங்க வூட்டு பொகையும் போய்க்கினு கீதாமே'ன்னு வேம்பு கேக்கறா. எங்காத்து சாம்பிராணியுமா சார் போறது?"

"போகுது மாமி. வெள்ளிக்கிழமையானா நல்லாவே போகுது."

"கேக்காம எடுத்துக்கறாளே" என்றார் மாமி. ஆனாலும் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

பேச்சில் பாதி உண்மை. டப்பா காற்றிலுள்ள தூசியை அளந்து, வீட்டு வைஃபை வழியாக ஓர் இணைய வரைபடத்துக்கு அனுப்பும். அதில் மந்தைவெளி மேல் ஒரு புள்ளி தெரியும். காற்று நன்றாக இருந்தால் பச்சை. கெடக் கெட மஞ்சள், சிவப்பு, ஊதா. டப்பா அனுப்புவதையே நிறுத்திவிட்டால் சாம்பல். மரியதாஸின் ஒரே மகள் நோரா, வடக்கு கலிஃபோர்னியாவில் ஒரு மலையடி ஊரில் நர்ஸ். அங்கே கோடைதோறும் காடு எரியும். அவள் வீட்டுச் சுவரிலும் இதே டப்பா. போன முறை வந்தபோது அப்பாவுக்கும் ஒன்று வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனாள்.

"தினம் போன் பண்ணி சாப்டியா சாப்டியான்னு கேக்காதீங்க டாடி. என் புள்ளிய பாருங்க. நான் உங்க புள்ளிய பாத்துக்கறேன்."

மரியதாஸுக்கும் இது வசதியாக இருந்தது. ஓய்வு பெறும்வரை சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் நடத்தியவர். மனிதர்களைவிட வரைபடத்தோடு அவருக்குப் பேச்சு சுலபமாக வரும். காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார், காபி போடுவார், நோராவின் புள்ளியைப் பார்ப்பார். பச்சை என்றால் அன்றைய செபம் சுருக்கமாக முடிந்துவிடும்.

போன் விஷயத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நோரா வெளியூரில் நர்சிங் படித்த காலத்தில் தொடங்கியது. ஹாஸ்டல் போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுப்பாள். இரண்டு மணி அடித்து நின்றால் பத்திரம். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. பிறகு பேசுவதே இலவசமாகிவிட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை; பேசுவதென்றால் அவர்தான் அடிப்பார். விமானம் இறங்கினாலும் இரண்டு மணி, பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பினாலும் இரண்டு மணி. நிற்காமல் அடித்தது ஒரே ஒரு முறை, அவர் மனைவி லில்லி ஆஸ்பத்திரியில் இறந்த அன்று. நோராதான் ஆஸ்பத்திரியிலிருந்து அடித்தாள். அதிலிருந்து மூன்றாவது மணி என்றாலே மரியதாஸுக்குக் கெட்ட செய்திதான்.

வரைபடத்தை நடத்துவது ஒரு தன்னார்வக் குழு. வேளச்சேரியில் ஐ.டி. வேலை பார்க்கும் அவருடைய பழைய மாணவி புஷ்ரா அதில் முக்கியமானவள். "அங்க அவங்க தூங்கற நேரம் நீங்க சும்மாதானே சார் உக்காந்திருக்கீங்க" என்று அவரையும் சேர்த்துவிட்டாள். எந்தப் புள்ளியாவது திடீரென்று சிவந்தால், அது காட்டுத்தீயா, இல்லை யாராவது கோழி வாட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். கோழி என்றால் 'வீட்டுப் புகை' என்று குறி போட்டுவிடலாம். ஊர்க்காரர்களுக்குப் போகும் எச்சரிக்கையில் அந்தப் புள்ளி வராது.

இதில் மரியதாஸ் கில்லாடி என்று பெயர் வாங்கினார். பயிற்சி கொடுத்தது ஹம்சா மாமி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் மாமி சாம்பிராணி போடுவார். அடையாறு பச்சையாக இருக்கும், தி. நகர் பச்சையாக இருக்கும், மந்தைவெளி மட்டும் சிவந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். ஆகவே தனியாகச் சிவந்தால் வீட்டுப் புகை, கூட்டமாகச் சிவந்தால் தீ. இதை அவர் ஒரு விதியாகவே குழுவில் எழுதிப் போட்டார். பல நாட்டுக்காரர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

நோராவுக்கும் அந்தச் சிவப்பு பழகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அது வரவில்லை என்றதும், 'மாமிக்கு உடம்பு சரியில்லையா?' என்று மெசேஜ் அனுப்பினாள். மாமி சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இந்த வியாழன் சாயங்காலம், நோராவின் ஊருக்கு மேலே மலையில் ஒரு புள்ளி சிவந்தது. அங்கே விடியும் நேரம். கீழே ஊரெல்லாம் பச்சை. யாரோ குளிருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று மரியதாஸ் குறி போட்டார். போனை அணைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனார். திரும்பி வந்து தூங்கிவிட்டார்.

வெள்ளி காலை போனை உயிர்ப்பித்ததும் புஷ்ரா அழைத்தாள். அவர் இன்னும் காபி போடவில்லை.

"சார், நோரா அக்கா ஊர்ல அந்த மலைப் புள்ளிய வீட்டுப் புகைன்னு போட்டது..."

"நான்தாம்மா."



"அது தீ சார். வேற ஒருத்தர் பாத்து குறிய எடுக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் போயிடுச்சு. அப்புறம் காத்து வேற. ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"மலைமேல இருந்தது ஒரே ஒரு டப்பாம்மா" என்றார் மரியதாஸ். "கூட்டமா சிவக்க அங்க வேற எதுவுமே இல்ல. நான் அத யோசிக்கல."

வரைபடத்தைத் திறந்தார். ஊர் முழுக்க ஊதா. நோராவின் புள்ளி சாம்பல். அவள் எண்ணுக்கு அடித்தார். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் தெரிவித்தாள். இன்னொரு முறை அடித்தார். மரியாதை குறையவில்லை.

நாற்காலி இழுபடும் சத்தத்தில் ஹம்சா மாமி மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"கரண்ட் போயிருக்கும் சார். நம்மாத்துல போறதில்லையா?"

"போகும் மாமி."

"இப்போ உங்க புள்ளி என்ன கலர்?"

"பச்சை."

"அவ எங்கேயாவது உக்காந்துண்டு அதையே பாத்துண்டிருந்தா? நாம இங்க முழிச்சிண்டிருக்கோம்னு தெரிய வேண்டாமா?"

சொல்லிவிட்டு மாமி இறங்கிப் போனார். தூபக்காலில் கரி கனல, கை நிறையச் சாம்பிராணியோடு திரும்பி வந்தார். விளக்கேற்றாமல் காலையில் சாம்பிராணி போடுவது அவருக்கு இதுதான் முதல் முறை. டப்பாவுக்கு நேர் கீழே வைத்து விசிறத் தொடங்கினார்.

"அளவு கெட்டுடும் மாமி. இது பொய்ப் புகை."

"எங்காத்து சாம்பிராணி பொய்யா? நகருங்கோ."

மரியதாஸ் நகர்ந்தார். பிறகு விசிறியை வாங்கி அவரே விசிறினார். இருவரும் இருமினார்கள். திரையில் மந்தைவெளி மஞ்சளாகி, சிவந்தது. அடையாறு பச்சை, தி. நகர் பச்சை. 'வீட்டுப் புகை' என்று குறி போட வேண்டிய இடம் வழக்கம்போலத் திறந்து காத்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

கரி தணியும் நேரத்தில் மேஜைமேல் போன் அடித்தது. நோராவின் எண் இல்லை. தெரியாத அமெரிக்க எண்.

"எடுங்கோ சார்!"

"இருங்க மாமி. அவளா இருந்தா ரெண்டு அடிச்சு நின்னுடும்."

இரண்டாவது மணி அடித்தது. மாமி விசிறியை மார்போடு வைத்துக்கொண்டார். மரியதாஸின் கை போனுக்குச் சற்று மேலே வந்து நின்றது.

மூன்றாவது மணி அடித்தது.