வீட்டுக்காரர் விழுந்து பழகிய வித்தை

காலையில் மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அடுக்களையில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒருமுறை அதிரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ‘தொம்’. என் வீட்டுக்காரர் விழுந்துகொண்டிருப்பார். யாரும் தள்ளாமல், தடுக்காமல், தானாகவே தேங்காய் நார் மெத்தையில் விழுவார், எழுவார், மறுபடி விழுவார். நான் அடுக்களையில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட எதிரே போய் நின்று பார்த்ததில்லை. கதவு இடுக்கு வழியாகக் கண்ணில் பட்டதுதான்.

அவர் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தவர். ஒரு தடவை ரஷ்யாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நான்கு மாதம் நின்றுவிட்டது. வெல்டிங் வேலைக்கு வந்த ரஷ்யாக்காரர் ஒருவர் இவரைச் சாயங்காலத்தில் தான் போகிற பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே சொல்லிக்கொடுத்த வித்தைக்குச் சம்போ என்று பெயர். எதிராளியின் சட்டையைப் பிடித்து இடுப்பில் ஏற்றிக் கீழே போடுவது, கையையோ காலையோ முறுக்கிப் பிடிப்பது, அதுதான் சம்போ. ஆனால் முதலில் விழத்தான் பழக்குவார்களாம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கையை ஊன்றக் கூடாது. உள்ளங்கை முதல் முழங்கை வரை தட்டையாகத் தரையில் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மற்றவர்கள் நாலைந்து நாளில் பழகிவிட்டார்களாம். இவருக்குப் பதினாறு நாள் ஆயிற்று. காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். இவர் அப்பா சங்கு குளித்தவர். இவரும் விவரம் தெரிந்த நாள் முதல் வள்ளத்தில் போய், கீழே இழுக்கிற பாரக்கல்லோடு கடலுக்குள் இறங்கியவர். கீழே போகிறோம் என்று தெரிந்ததும் இந்த உடம்பு தானாக வாயை மூடி நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தால் அடி உள்ளே இறங்கிவிடும். பாஷை தெரியாத அந்த ரஷ்யாக்காரர் இவர் வயிற்றில் கையை வைத்து ‘ஹா, ஹா’ என்று காட்டிக்கொண்டே இருந்தாராம். “ஏளா, கடல்ல கீழ போறவன் மூச்சப் பிடிக்கணும், தரையில கீழ போறவன் விடணும். இது என் மண்டையில ஏற அத்தன நாளாச்சு” என்று சொல்லிச் சிரிப்பார்.

கப்பல் வேலையை விட்டு வந்த பிறகு அந்த வித்தையை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? அது இரண்டு பேர் செய்ய வேண்டியது. தெருப் பையன்கள் சிலர் வந்தார்கள். சண்டை போடப் பழக்குவார் என்று நினைத்து வந்தவர்களை இவர் விழச் சொன்னார். மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒரு கோணிச் சாக்கை எடுத்து, கிழிந்த நைலான் வலையையும் தென்னை நாரையும் திணித்து ஆள் உயரத்துக்குத் தைத்தார். அங்கிருந்து கொண்டுவந்த நீலநிறக் கெட்டித் துணிச் சட்டையை அதற்குப் போட்டுவிட்டார். தினமும் காலையில் அதைக் கட்டிப் பிடித்து இடுப்பில் ஏற்றிப் போட்டுக் கூடவே புரள்வார். சன்னல் வழியாக ஊரே பார்த்தது.

தண்ணீர்க் குழாயடியில் என் பாடு பெரும்பாடாகப் போயிற்று.

“ஏளா, ஒனக்குச் சக்களத்தி வந்துட்டாளாமே. ரஷ்யாக்காரியா?”

“ஆமா, நீலச் சட்டையெல்லாம் போட்டிருக்காளாம்லா. விடிஞ்சதும் ரெண்டு பேரும் கட்டிப் புரளுதாவளாம்.”

என் அப்பாவுக்கு இரண்டு வள்ளம் சொந்தமாக இருந்தது. என்னைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. ஒருநாள் வீட்டுக்காரர் மகனையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தபோது மீன் அரிவாளால் சாக்கைக் கிழித்தேன். வலையையும் நாரையும் வாரிக்கொண்டு போய்க் கடற்கரையில் குப்பை கொட்டுகிற இடத்தில் கொட்டினேன். சட்டையைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். அவர் வந்தார். மெத்தை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தார்.

“எங்க?”

“வல வேணும்னு கேட்டாக. குடுத்துட்டேன்.”

“சரி” என்றார். கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டார். “விழ நானே விழுந்துக்கிடுதேன். நீ சும்மா என் சட்டையப் பிடிச்சிக்கிட்டு நின்னா போதும். வாரியா?”

“எனக்கு வேற சோலி இல்லையா?” என்றேன்.

மறுநாளிலிருந்து விழுவது மட்டும் மிஞ்சியது. தனியாள் செய்ய முடிகிறது அது ஒன்றுதானே. கடைசிக் காலம்வரை நிறுத்தவில்லை. தூக்கத்திலேயே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போனபின் இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். போன மழைக்கு முந்தின மழையில் கொல்லைப் பாசியில் வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சென்னையிலிருந்து மகன் வந்தான். அவன் வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது நான் கதவைத் திறந்து நான் பூட்டுகிற வீடு. அங்கே போனால் கதவைத் திறக்கவும் ஒருவரைக் கேட்க வேண்டும். வரமாட்டேன் என்றேன். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

“சரி, இருங்க. ஆனா இன்னொரு மட்டம் விழுந்தா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும். பேச்சு மாறக் கூடாது.”

“நான் என்னைக்குலே பேச்சு மாறியிருக்கேன்?”

கட்டுப் பிரித்து, கையில் பலம் வந்ததும், பஞ்சு மெத்தைகள் இரண்டை முன்னறையில் அடுக்கிப் போட்டேன். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டேன். நிற்கிற நிலையிலிருந்து விழ எனக்கு என்ன பைத்தியமா? மெத்தை மேலேயே குந்தியிருந்து பின்னால் சாய்வேன், அப்புறம் பக்கவாட்டில். கதவு இடுக்கில் பார்த்ததை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்குக் கொண்டுவந்தேன். தாடை ஒட்ட வேண்டும் என்பது வந்தது. கையை ஊன்றாமல் அடிப்பதும் வந்தது. மூச்சு மட்டும் வரவில்லை. என் அப்பாவும் சங்கு குளித்தவர்தானே. சாய்ந்ததும் வாய் பொத்திக்கொள்கிறது. நெஞ்சு கல்லாகிவிடுகிறது. அவருடைய பதினாறு நாளுக்கு உள்ளுக்குள் சிரித்தவள் நான். எனக்கு ஒன்றரை மாதம் ஆகியும் வரவில்லை. முதுகு வலித்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு வழி தோன்றியது. வாய் திறந்து பேசுகிறவள் மூச்சைப் பிடிக்க முடியாதே. சாயும்போது ‘மாதாவே’ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிக்குமுன் மெத்தையில் கிடந்தேன். வலிக்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் பதினைந்து ‘மாதாவே’.

இப்படியிருக்கும்போது ஒருநாள் கொல்லையில் துணி துவைத்த இடத்தில் சோப்புத் தண்ணீரில் நிஜமாகவே கால் வழுக்கியது. நினைக்க நேரமில்லை. ‘மாதாவே’ என்று வாய் தானாகச் சொன்னது. கை தானாகப் போய்த் தரையில் அடித்தது. உட்கார்ந்து பார்த்தேன்; முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை. நான் யாருக்கும் சொல்லவும் இல்லை. ஆனால் கொடுத்த வாக்கு தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஒரு மாதம் அப்படியே ஓடியது.

அதற்குள் பக்கத்து வீட்டு மருமகள் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஏதாவது என்றால் சொல்லும்படி அவன்தான் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் மேல் தப்பில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள். “அண்ணா, மாமி தெனமும் விழுதாக. மாதாவேன்னு கத்துதாக, ஒடனே தொம்முங்கு. போய்க் கதவத் தட்டினா ஒண்ணுமில்லட்டீன்னு சொல்லுதாக.”

மறுநாள் காலையில் மகன் வாசலில் நின்றான். கையில் பெரிய காலிப் பெட்டி.

“நெசமா விழுந்தீங்களா?”

“விழுந்தேன். தெனமும் பதினஞ்சு மட்டம். ஒங்கப்பா பழகினதுதான். மெத்தையில.”

அவன் முகத்தில் கலவரம் போய்ச் சிரிப்பு வரப் பார்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம், வீடு என் கையை விட்டுப் போகிற பேச்சே வந்திருக்காது. ஆனால் நான் பேச்சு மாறாதவள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தாயிற்று.

“அது போக, போன மாசம் கொல்லையில ஒண்ணு. அது பழக்கம் இல்ல, வழுக்கித்தான் விழுந்தேன். பேசினது பேசினதுதான். பெட்டியத் தொற.”

அவன் பெட்டியைத் திறக்கவில்லை. என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தான். “எப்படி விழுந்தீங்க? காட்டுங்க” என்றான்.

காட்டினேன். ‘தொம்’ என்றதும் ஓடி வந்து தூக்கக் கையை நீட்டினான்.

“தொடாதலே. எந்திக்கிறதுலதான் பாதி வித்த இருக்கு.”

பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, தொடையில் கையை வைத்து எழுந்தேன். கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்றை முழுதாகச் சொல்லி முடிக்கிற நேரம் ஆயிற்று.

“அப்பா செஞ்ச மாதிரியே இருக்கும்மா.”

“நீ எங்கலே பாத்த?”

“தெனமும்லா பாத்தேன். பாயில படுத்துக்கிட்டே. நீங்கதான் அடுப்படியிலே திரும்பிக்கிட்டு நிப்பீங்க.”

மெத்தையில் உட்கார்ந்து, இத்தனை வருஷமும் வெளியே சொல்லாத அந்தச் சாக்கு விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

“அப்பாவுக்குத் தெரியும்மா. அன்னைக்குக் கடக்கரை வழியாத்தான் நாங்க ரெண்டு பேரும் வந்தோம். அந்த வல கெடந்தத நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு.”

தெரிந்துகொண்டே ‘எங்க?’ என்று கேட்டிருக்கிறார். நான் சொன்ன பொய்க்குச் ‘சரி’ என்றிருக்கிறார். அதற்குப் பிறகும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

மகன் இரண்டு நாள் இருந்தான். ஆள் வைத்துக் கொல்லைப் பாசியைச் சுரண்ட வைத்தான். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்தான். பெட்டியில் கருவாட்டையும் மக்ரூனையும் அடுக்கி அவனை ரயிலேற்றி அனுப்பினேன். சென்னைப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது காலையில் கோயில் மணி அடித்து அரை மணி நேரத்தில் என் போன் அடிக்கும்.

“இன்னைக்கு விழுந்தாச்சாம்மா?”

“பதினஞ்சு மட்டம்.”

“எந்திச்சாச்சா?”

“எந்திக்காமலா போன எடுத்தேன்? போய் வேலையப் பாருலே.”