அலமாரியில் வைத்த காற்று வடிகட்டி

1958இல், புதுச்சேரியில், என் காரின் காற்று வடிகட்டியைக் கழற்றி, அகலவாய்க் குழாய் ஒன்றைப் பொருத்தினேன். என்ஜின் உறுமியது, வேகமும் சற்றுக் கூடியது.

"மணல் ரோட்டுல பழசையே மாட்டிக்குங்க. மண்ணு உள்ள போயிடும்," என்றார் மெக்கானிக்.

கழற்றும் எந்தப் பாகத்தையும்போல வடிகட்டியையும் துடைத்து, தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தேன்.

மறு வருடம் காரை வாங்க வந்த டாக்சிக்காரர் ராஜு அந்த உறுமலில் மயங்கினார். மெக்கானிக் சொன்னதைச் சொன்னால் வேண்டாமென்று போய்விடுவாரோ என்று நான் வாய் திறக்கவில்லை. வாங்கிப்போய், கனகசெட்டிக்குளத்துக் கடற்கரை மணலில் தினமும் மீன்கூடைகளை ஏற்றி ஓட்டினார்.

ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். "ஒரே புகை, முசியே," என்றார், ஐயா என்பதை எங்கள் ஊர் பிரெஞ்சு வழக்கில். "இழுக்கவே மாட்டேங்குது. உங்ககிட்ட நல்லாத்தானே ஓடுச்சு? நான்தான் கெடுத்துட்டேன் போல."

வடிகட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். ஒட்டியிருந்த தேதியை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பத்திரமாத்தான் வெச்சிருக்கீங்க," என்றார்.

என் ஒழுங்கை யாராவது பாராட்டினால் இன்றும் எனக்குக் கூசுகிறது.