முதுகில் விழுந்த அடி

பாக்குவெட்டியில் காய்ந்த பாக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அது என் வலது முழங்காலுக்குள்ளிருந்து வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஒரு நோன்புப் பெருநாள் பின்னேரம். ஆண்கள் வெளியே போன பிறகு, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வளவுக்குள் பெண்கள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். சாம்பலால் கீறிய கோடுகளை, காத்து நிற்பவர்களின் கை படாமல் தாண்ட வேண்டும். கை பட்டால் ஆட்டம் போய்விடும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆட்கள் முன்னால் வாய் திறக்க வெட்கம். ஆனால் அந்தக் கோடுகளுக்குள் இறங்கினால் என்னைப் பிடிப்பது கஷ்டம். அன்று கோட்டில் நின்றவள் என் புருஷனின் தங்கை ஜனூபா. இடப்பக்கம் போவதாகக் காட்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பினேன். பாதம் மணலில் புதைந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது.

எண்ணெய்க்கட்டுப் போட்டதில் வீக்கம் வற்றியது. ஆனால் கிணற்றடியில் திரும்பினால் முழங்கால் விலகும், விழுவேன். கடைசியில் புருஷன் கொழும்புக்குக் கூட்டிப் போனார். மூட்டு நார் (இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது) அறுந்திருந்தது. வெட்டித் தைத்து, தொடையிலிருந்து பிளாஸ்டர் (காய்ந்தால் கல்லாகிவிடும் கட்டு) போட்டார்கள். அதைக் கழற்றியபோது உள்ளே இருந்த கால் மெலிந்து, வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

மடக்கி நீட்டிப் பழகினேன். கதிரையில் இருந்து தொழுதவள், மெல்ல மெல்ல நிலத்தில் சுஜூது செய்யத் தொடங்கினேன். அந்த முதல் நாள் நெற்றி பாயில் பட்டதும் அழுதுவிட்டேன்.

பிறகு டொக்டரிடம் காட்டப் போனோம். “நார் நல்லாப் பொருந்தியிருக்கு. இனி ஓடலாம்” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புருஷன்தான் சொன்னார்: “ஓடுறதா? ஒழுங்கை மூலையால திரும்பவே என்ட கையப் பிடிக்கிறா டொக்டர்.”

“அப்ப வருத்தம் முழங்கால்ல இல்ல.”

“பின்ன எங்க?”

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு விளங்கியது. கால் சுகமாகிவிட்டது, அந்தச் சத்தம்தான் இன்னும் எனக்குள் இருந்தது. திரும்பும் ஒவ்வொரு முறையும் அது கேட்கப் போகிறது என்று காத்திருந்தேன்.

அடுத்த வருஷ நோன்புப் பெருநாளும் வந்தது. சாம்பல் கோடுகளைப் பார்த்ததும் வேலியோரம் ஒதுங்கினேன். “நீங்க இரிங்க மதினி” என்றாள் ஜனூபா. அது என்னவோ பொறுக்கவில்லை, இறங்கிவிட்டேன். முதல் கோட்டைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். பிறகுதான் கவனித்தேன், ஒருவரும் கையை நீட்டவே இல்லை. எனக்கு இரக்கப்பட்டு வழிவிட்டிருந்தார்கள். அந்த இரக்கம், விழுந்ததைவிட நொந்தது.

“என்னப் பிடிக்காட்டி நான் வீட்டுக்க போறன்” என்று கத்தினேன்.

“வாயில்லாப் புள்ள கதைக்கிதுகா!” என்று என் கூடப்பிறந்த ராத்தா கைதட்டினாள்.

“பிறகு அழப்படாது, மதினி” என்றாள் ஜனூபா. அவளுடைய கண்தான் கலங்கியிருந்தது.

“நீதான் அழப்போறாய்.”

அவள் உண்மையாகவே பாய்ந்தாள். யோசிக்க நேரமிருக்கவில்லை. இடப்பக்கம் காட்டி, வலப்பக்கம் வெட்டித் திரும்பினேன். பாதம் புதைந்தது. முழங்கால் விலகாமல் நின்றது. சத்தம் வரவில்லை. வரவில்லையே என்று அதிசயித்து ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன். ‘பளார்’ என்று முதுகில் விழுந்தது அவள் அடி.

ஆட்டம் போனது. மணலில் குந்தி, முக்காடு நழுவியதும் தெரியாமல் சிரித்தேன். ஜனூபா பக்கத்தில் குந்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

முழங்கால் தைத்துக்கொண்டு வீட்டில் பயந்திருக்கும் பிள்ளைகளே, பயம் காலுக்குப் பிறகுதான் சுகமாகும். அதற்கும் நாள் கொடுங்கள். உங்களைப் பிடிக்க வருகிறவர்களைத் தடுக்காதீர்கள்.

இப்போது எனக்கு இரண்டு முழங்காலும் மழைக்கு நோகும். தைத்தது எது என்று தழும்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.