இருட்டில் ஓடிய படம்

எனக்கு அறுபத்தேழு நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். வயிற்றில் சுமந்தது நாலு, இடுப்பில் சுமந்தது இரண்டு. இடுப்பில் சுமந்தவர்கள் என் தம்பிகள். ஒன்பது வயதிலேயே பிள்ளை வளர்க்கத் தொடங்கியவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த கர்வம்தானே. ஒன்பது வயதில் அந்த வேலை எப்படி என் இடுப்புக்கு வந்தது என்று சொல்லப்போனால் ஒரு சினிமாவைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

எங்கள் ஊருக்கு வர அறந்தாங்கி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கவேண்டும். பாதிப் பேருக்கு விவசாயம், மீதிப் பேருக்குக் கல்குவாரி. என் அப்பாவும் சித்தப்பாவும் குவாரிக்குப் போனவர்கள். அப்பா வெடி வைப்பவர். சித்தப்பா வெடி மருந்துக்குப் பாறையில் குழி போடுபவர். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

ஒருநாள் அப்பா மட்டும் தலை நனைந்து வீடு திரும்பினார். சித்தப்பா எங்கே என்று கேட்டதற்கு, கோட்டைப்பட்டினம் போய்க் கள்ளத்தோணி ஏறிவிட்டான், சிலோனில் சம்பாதித்துக்கொண்டு வருவான் என்றார். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் உண்டு. அதனால் ஊர் நம்பியது. நான் எல்லோரையும் விட அதிகமாக நம்பினேன். சிலோன் மிட்டாய் வரும் என்று என் சேக்காளிகளுக்கு வாக்குக்கூடக் கொடுத்திருந்தேன். குவாரியின் தெற்குக் குழியை அந்த வாரமே கழிவுக் கல்லைக் கொட்டி மூடினார்கள். கல் தீர்ந்துவிட்டது என்றார் காண்ட்ராக்டர்.

சித்தப்பாவின் மனைவியை நான் சின்னம்மா என்பேன். சுத்துப்பட்டு ஊர்களில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலோ அவள் குரலே கேட்காது. அப்பா அவளுக்கு மூத்தார், அதாவது புருசனுக்கு அண்ணன். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் அப்போது இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள், பக்கத்தில் நிற்கும் அப்பா கேட்டுக்கொள்வார். அவர் பதிலும் என் தலைக்கு மேலாகத்தான் போகும். நடுவில் நான் ஒரு டெலிபோன் கம்பி.

சித்தப்பா போனதற்குப் பிறகு வந்த அமாவாசையில், காக்கைக்குச் சோறு வைக்கும்போது அப்பா இரண்டு இலை போட்டார். வழக்கமாக அவருடைய அப்பாவுக்கு ஒரு இலைதான். சின்னம்மா கையில் சோற்றுச் சட்டியோடு நின்றாள்.

"ஒங்க அப்பாவக் கேளு. ஒரு எலை மாமாவுக்கு. ரெண்டாவது எலை யாருக்காம்?"

நான் கேட்டேன். அப்பா இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"முன்னோருக்குன்னு சொல்லு" என்றார்.

சின்னம்மா சோறு வைத்தாள். இரண்டு இலைக்கும் வைத்தாள்.

இப்படி இருக்கையில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஒரு தாடிக்காரர், டேப் ரிக்கார்டர் தூக்குகிற ஒல்லி அண்ணன், கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அக்கா, மூன்றே பேர். குவாரி வேலையில் ஆட்கள் படும் பாட்டைப் படமாக எடுத்து ஊர் ஊராகக் காட்டப்போவதாகச் சொன்னார்கள். டீக்கடையில் விசாரணை நடந்தது.

"எந்தக் கம்பெனி நீங்க?"

"கம்பெனி இல்லீங்க. நாங்க ஒரு குழு. சேந்து எடுக்கிறோம்."

"மொதலாளி யாரு?"

"மொதலாளி இல்லீங்க."

"மொதலாளி இல்லாத சினிமாவா! அப்ப கதாநாயகி?"

"அதுவும் இல்லீங்க."

"சண்டையாச்சும் இருக்கா?"

"அத நீங்கதான் போடணும்" என்றாள் அக்கா. கடையே சிரித்தது. ஆனால் காண்ட்ராக்டரின் மேஸ்திரி சிரிக்காமல் எழுந்து போனான்.

பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் தங்கினார்கள். முதல் சில நாட்கள் கேமராப் பெட்டியைத் திறக்கவே இல்லை. காலையில் பெண்களோடு உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். தாடிக்காரர் கல்லை விட்டுவிட்டுக் கட்டைவிரலை உடைத்துக்கொண்டார். சாயங்காலம், யார் கூப்பிட்டாலும் அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். அப்புறம்தான் கேமரா வெளியே வந்தது. கடிகாரம் போலச் சாவி கொடுக்கவேண்டும். கொடுத்தால் சிள்வண்டு மாதிரி ஒரு சத்தத்தோடு கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். மறுபடி சாவி. பெரிய கேமராவுக்கு எங்களிடம் ஏது வசதி என்றார்கள்.

சின்னம்மாவின் ஒப்பாரியைப் பற்றி யாரோ சொல்லி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, எங்க படத்துக்கு ஒரு ஒப்பாரி பாடணும்."

"யாருக்கு?" என்றாள் சின்னம்மா.

"யாருக்கும் இல்லீங்க. சும்மா, பொதுவா."

என் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பொதுவா அழுகுறதுக்கு இங்க எவ புருசன் செத்துக் கெடக்கான்? நல்லா வந்து வாய்ச்சீக!" என்றாள். பிணம் இல்லாமல் ஒப்பாரி கூடாது. ஆளில்லாமல் பாடினால் அது சாக ஒரு ஆளைத் தேடும் என்பார்கள். பட்டணத்துப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. தெரிந்ததும் அவள் முகம் செத்துப்போனது. "தப்பாக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் சின்னம்மா அதை விடவில்லை. அவள் உலையில் அரிசி போடுவாள், போட்டதை மறந்து நிற்பாள். சில நாள் கழித்து அப்பாவைக் காண்ட்ராக்டர் லாரியோடு அறந்தாங்கிக்கு அனுப்பினார். அன்று காலையில் சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"பாடுறேன். குவாரியில வச்சுத்தான் பாடுவேன்."

"யாருக்கும்மா?" இப்போது அக்கா கேட்டாள்.

"எம் புருசனுக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் மெதுவாக ஒரு சண்டை நடந்தது. எடுக்கக்கூடாது என்றார் தாடிக்காரர், நாம் கேட்டதால்தான் இந்த வினை என்று. அவங்க முடிவு பண்ணிட்டாங்க, நம்ம யாரு வேண்டாங்கிறதுக்கு என்றாள் அக்கா. கடைசியில் தாடிக்காரர் வந்து, "ஒரே ஒரு சங்கடம்மா. இந்த மெசினு நின்னு நின்னுதான் ஓடும். நாங்க கைகாட்டுனா நிறுத்தி, சாவி குடுத்ததும் திரும்பப் பாடுறீங்களா?" என்றார்.

"ஒப்பாரிய நிறுத்தக்கூடாது தம்பி. எடுத்தா முடிக்கணும். ஒங்க மெசினு நின்னா நிக்கட்டும்."

மூடிய தெற்குக் குழியின் மேலே போய் உட்கார்ந்தாள். தலையை அவிழ்த்துவிட்டாள். ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ சினிமா வேடிக்கை என்று சுத்தியலோடு வந்தார்கள். முதல் இழுவையிலேயே அவர்கள் முகம் மாறிவிட்டது. ஒப்பாரி எடுத்தால் கூட உட்காராமல் இருக்க முடியாது. ஒருத்தி உட்கார்ந்து சின்னம்மாவின் தோளைப் பிடித்தாள். இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்தாள். எல்லோரும் வட்டமாகிவிட்டார்கள். ஆண்கள் தள்ளி நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்கள். மேஸ்திரி வாயைத் திறந்து திறந்து மூடினான். அழுகிற பெண்கள் வட்டத்துக்குள் ஆண்பிள்ளை கால்வைக்க முடியாது. கேமரா ஓடியது, நின்றது, ஓடியது. ஒல்லி அண்ணனின் டேப் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே சின்னம்மாவுக்குத் தாலி அறுத்தார்கள். அப்பா அறந்தாங்கியிலிருந்து வந்து, அவள் வெறும் கழுத்தைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டார். பாட்டில் அவள் என்ன சொன்னாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒப்பாரியில் சொன்னதற்குப் பஞ்சாயத்தும் கிடையாது, வெளியில் போய்ப் பேசுவதும் கிடையாது.

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. சிலோனில் சுகமாக இருந்த சித்தப்பாவை அந்தக் கேமரா கொன்றுவிட்டது. கேமரா நீட்டினார்கள், பாடினாள், செத்துப்போனார். அக்கா ஊரைவிட்டுப் போகும்போது எனக்கு ஒரு ரிப்பன் கொடுத்தாள். நான் வாங்காமல் முறைத்துக்கொண்டு நின்றேன்.

நெல் அறுப்பு முடிந்ததும் சினிமாக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நேரே சின்னம்மாவிடம் வந்து, டேப்பைப் போட்டு அவள் குரலை அவளுக்கே கேட்கவைத்தார்கள்.

"இத ஊருல காட்டலாமாம்மா? வேண்டாம்னா ஒங்க பாட்ட எடுத்துடுறோம். ஒருத்தரும் கேக்கப்போறதில்ல" என்றாள் அக்கா.

சின்னம்மா யோசிக்கவே இல்லை. "காட்டுங்க. இவ அப்பா ஊருல இருக்கையில காட்டுங்க."

ரைஸ் மில்லிலிருந்து ஒயர் இழுத்து, மந்தைத் திடலில் இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டினார்கள். விளக்கு வைத்ததும் ஊர் முழுக்க வந்துவிட்டது. நான் அப்பா மடியில் ஒரு தம்பியையும் என் மடியில் ஒரு தம்பியையும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்தில் சின்னம்மா. எங்கள் ஊர்ச் சனங்களே துணியில் நடந்ததும் ஒரே கூச்சல். "டேய், ஒன் தொந்தியப் பாருடா, தொந்திக்குத் தனி டிக்கெட்டு!" "கெழவி கல்லு ஒடைக்கிறத விட பாக்கு ஒடைக்கிறதுதான் சாஸ்தி!" துணியில் மேஸ்திரி வந்தபோது விசில் அடித்தார்கள்.

பிறகு சின்னம்மா வந்தாள். கூச்சல் அடங்கியது. அவள் முகம், தோளைப் பிடித்த கைகள், நாலு மூச்சு நேரம் வந்ததோ என்னவோ, துணி இருட்டாகிவிட்டது. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. மறுபடி கொஞ்சம் முகம். மறுபடி இருட்டு.

"கரண்டு போச்சா?"

"மெசினு ரிப்பேருடோய்!"

அக்கா இருட்டிலிருந்து பேசினாள். "இல்லீங்க. கேமரா நின்னுபோன எடம் இது. படம் எங்ககிட்ட இல்ல. அவங்க நிறுத்தல, அதனால நாங்களும் வெட்டல. கேளுங்க."

கேட்டோம். வெளிச்சம் என்று ஒரு பொட்டுக் கிடையாது.

"தோணியேறிப் போனதுன்னு தொலைதூரஞ் சொன்னாக
தெக்குக் குழிக்குள்ள தேருசாஞ்சு கெடந்தீகளே
கூடப் பொறந்தவுக கூட நின்னு பாத்திருக்க
கூப்புட்ட கொரலு அவுக காதுல விழலையா"

பக்கத்தில் அப்பாவின் மூச்சு மாறியது. தம்பியை எடுத்து என் மடியில் வைத்தார். இப்போது இரண்டு பேரும் என் மடியில். அவர் எழுந்து நின்றது எனக்குத் தெரியவில்லை, குரல்தான் மேலேயிருந்து வந்தது.

"விழுந்துச்சு ஆத்தா" என்றார். என் தலைக்கு மேலாக இல்லை, பெண்கள் பக்கம் திரும்பி, நேராக. "விழுந்துச்சு. அவன் வெளிய வந்துட்டான்னு நெனச்சுத் திரியப் பத்தவச்சேன். நாந்தான் வச்சேன். கல்லுக்கு அடியில கூப்புட்டான். காண்ட்ராக்டர் ஆளு கைய எம் வாய் மேல வச்சிருந்தான். வெளிய சொன்னா கொல கேசுன்னான்."

எனக்கு உடம்பு கூசியது. படம் ஓடும்போது எழுந்து நின்று பேசுவது குடிகாரர்கள் செய்கிற காரியம். பின்னாலிருக்கிறவர்களுக்கு மறைக்குமே என்று, மறைக்கத் துணியில் ஒன்றுமே இல்லை என்பதை மறந்து, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். யாரும் "உட்காரு" என்று கத்தவில்லை. ஒப்பாரி தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது.

மறுநாள் சினிமாக்காரர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு அப்பாவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கல்லைப் பெயர்த்தார்கள். சித்தப்பா அங்கேதான் இருந்தார். இடுப்பு அரைஞாணை வைத்துச் சின்னம்மா அடையாளம் சொன்னாள். ஆனால் பிடித்து உள்ளே வைத்தது அப்பாவைத்தான். திரி வைத்தவன், தெரிந்து மறைத்தவன். காண்ட்ராக்டருக்கு அன்று ஊரிலேயே இல்லை என்று சாட்சி வந்தது. சினிமாக்காரர்களையும் கலகம் பண்ணினதாகச் சில நாள் வைத்திருந்து, படப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள். பெட்டி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் டேப் ஒல்லி அண்ணனிடம் தப்பியிருந்தது. படமில்லாமல் அதை மட்டும் போட்டுக்காட்டிக்கொண்டு குவாரி குவாரியாகப் போனார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அம்மா ஜல்லி உடைக்க வேறு குவாரிக்குப் போனாள். தம்பிகள் என் இடுப்புக்கு வந்தார்கள், பள்ளிக்கூடம் அதோடு சரி. சின்னம்மா வாராவாரம் புதுக்கோட்டை ஜெயிலுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவாள். என்னையும் கூட்டிப்போவாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அவள், நடுவில் நான் இல்லை. "சாப்புடுங்க" என்பாள். "சாப்புடுறேன்த்தா" என்பார். நேராகத்தான் பேசிக்கொண்டார்கள். என் வேலை போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. காட்டிக்கொடுத்தவளே ஏன் சோறு கொண்டுபோகிறாள், அவர் ஏன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறார் என்றெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. படத்துக்கு நடுவில் எழுந்து பேசியதற்காகத்தான் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெகுகாலம் நம்பினேன். கல்யாணமாகி டென்டுக் கொட்டகைக்குப் போனபோதும், பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தால், அவர் கையை இறுக்கிப் பிடித்து உட்காரவைத்துவிடுவேன்.

எழுதிட்டியா பேத்தி? எங்கே, மொதல்லேருந்து வாசி. நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதுனது ஒண்ணுன்னு இருந்துச்சு, அப்பறம் இருக்கு ஒனக்கு.